முடக்குவாதத்துக்குப் புதிய சிகிச்சை என்ற செய்தி வந்தால்: நோயாளிகள் முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) புதிய மருந்து வந்துவிட்டது என்ற செய்தி கைபேசிக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது, இப்போது எடுத்துவரும் மாத்திரையை நிறுத்தாமல் இருப்பதுதான். இதை முதல் வரியிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. “அதுதான் நல்ல மருந்து வரப்போகிறதே, அதுவரை இந்தக் கசப்பு மாத்திரை எதற்கு?” என்று இந்த நோய்க்கான வழக்கமான மருந்தாகிய மெத்தோட்ரெக்சேட்டைக் கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். “எல்லாம் மருந்துக் கம்பெனிகளின் வியாபாரம்” என்று ஒதுக்கிவிட்டு, தங்களுக்கு உண்மையிலேயே உதவக்கூடிய சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் வாய் திறந்து கேட்காதவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வழியிலும் இழப்பு மூட்டுக்குத்தான். இந்த நோயில் உடலின் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. வீங்கித் தடித்த சவ்வு குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்கிவிட்டால், அரிபட்ட எலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இன்றைய மருந்துகளால் முடியாது. அந்த அரிப்பு பலருக்கு நோய் தொடங்கிய முதல் சில ஆண்டுகளிலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஆகவே நம்பிக்கையானாலும் சந்தேகமானாலும் அதை மனத்துக்குள் வைத்துக்கொண்டு காத்திருக்காமல், தெளிவான கேள்விகளாக மாற்றி மருத்துவரின் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும்.

உங்கள் நிலைமையை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

எந்தப் புதிய சிகிச்சையும் ‘எல்லா மூட்டுவலிக்கும்’ என்று வருவதில்லை. இன்ன நோய், இன்ன கட்டம், இன்ன மருந்துகள் பலன் தராதவர்கள் என்ற வரையறையோடுதான் வருகிறது. அந்த வரையறைக்குள் நீங்கள் வருகிறீர்களா என்று பார்க்க, முதலில் உங்கள் நோயின் பெயர் உறுதிப்பட்டிருக்க வேண்டும். வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம், யூரிக் அமிலத்தால் வரும் கவுட், சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டுவலி ஆகிய எல்லாவற்றையும் நம் வீடுகளில் ‘வாதம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ரத்தத்தில் ஆர்.ஏ. ஃபேக்டர் ‘பாசிட்டிவ்’ என்று வந்த ஒரே காரணத்தால் முடக்குவாதம் என்று முடிவு செய்துவிட முடியாது. நோயே இல்லாத முதியவர்கள் சிலருக்கும் அது இருக்கும், நோய் உள்ள சிலருக்கு இல்லாமலும் போகும். ஆன்ட்டி சி.சி.பி. என்ற எதிர்ப்பொருளைத் தேடும் ரத்தச் சோதனை இதைவிடத் துல்லியமானது, ஆனால் அதையும் வீங்கிய மூட்டுகளைக் கையால் தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் மதிப்பீட்டோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அடுத்து, ஒரு தாளில் நோய் தொடங்கிய ஆண்டு, சோதனை முடிவுகள், இதுவரை எடுத்த ஒவ்வொரு மருந்தின் பெயர், அளவு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை எடுத்தீர்கள், எதற்காக நிறுத்தினீர்கள் என்பவற்றை எழுதுங்கள். இந்தக் கடைசிக் குறிப்பைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. என் கணிப்பில் தாளிலேயே அதிகப் பயன் தருவது அதுதான். ஏனென்றால் “மெத்தோட்ரெக்சேட் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று சொல்பவர்களிடம் விசாரித்தால், குறைந்த அளவில் சில வாரங்கள் மட்டும் எடுத்துவிட்டு, குமட்டல் வந்ததால் விட்டவர்களாகப் பலர் இருப்பார்கள். அந்த மருந்து வேலை செய்வது தெரியவே ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். வாரத்துக்கு 7.5 முதல் 15 மில்லிகிராம் வரையில் தொடங்கி, தேவைப்பட்டால் 25 மில்லிகிராம் வரை படிப்படியாகக் கூட்டுவார்கள். குமட்டலுக்கு ஃபோலிக் அமிலம் சேர்ப்பது, மாத்திரைக்குப் பதிலாக ஊசியாகப் போட்டுக்கொள்வது என்று வழிகள் இருக்கின்றன. ஆய்வுகளில் ‘மெத்தோட்ரெக்சேட் போதாதவர்கள்’ என்று குறிப்பிடுவது, சரியான அளவில் போதிய மாதங்கள் எடுத்தும் நோய் அடங்காதவர்களைத்தான். நீங்கள் அந்த இடத்துக்கே வரவில்லை என்றால், புதிய ஊசிக்கு முன்னால் பழைய மருந்தைச் சரியாக எடுத்துப் பார்ப்பது பணத்தையும் உடம்பையும் சேர்த்தே காப்பாற்றும். ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: மெத்தோட்ரெக்சேட் இந்த நோய்க்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் எடுக்கும் மருந்து. தவறுதலாகத் தினமும் எடுத்து உயிரிழந்தவர்கள் உண்டு. கிழமையை அட்டையின் மேலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.

அந்தத் தாளில் இன்னொரு எண்ணும் வேண்டும். மருத்துவர் உங்கள் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் கணுக்கள், முழங்கால் என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து “வலிக்கிறதா?” என்று கேட்பது சும்மா ஆறுதலுக்காகச் செய்வது அன்று. இப்படி 28 மூட்டுகளில் எத்தனை வலிக்கின்றன, எத்தனை வீங்கியிருக்கின்றன என்று எண்ணி, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. அளவையும் உங்கள் நலம் பற்றி நீங்களே தரும் மதிப்பெண்ணையும் சேர்த்து ‘டாஸ் 28’ என்ற ஓர் எண்ணைக் கணக்கிடுகிறார்கள். அது 2.6க்குக் கீழே இருந்தால் நோய் அடங்கிய நிலை, 5.1க்கு மேலே போனால் கடுமையான நிலை. இந்த 28 மூட்டுகளின் பட்டியலில் பாதமும் கணுக்காலும் இல்லை என்பதை நோயாளிகள் தெரிந்துகொள்வது நல்லது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கியதும் பாதத்தைத் தரையில் ஊன்ற முடியாமல் தவிப்பவர்கள், மருத்துவர் கேட்காவிட்டாலும் தாங்களாகவே செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் “டாக்டர், இந்தத் தடவை என் ஸ்கோர் எவ்வளவு?” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சிகிச்சை தொடங்கி மூன்று மாதத்தில் தெளிவான முன்னேற்றமும், ஆறு மாதத்தில் நோய் அடங்கிய அல்லது அதற்கு அருகிலான நிலையும் வரவில்லை என்றால் சிகிச்சையை மாற்ற வேண்டும் என்பதே இன்று உலகெங்கும் பின்பற்றும் நெறி. புதிய சிகிச்சை உங்களுக்குத் தேவையா என்பதற்கு முதல் விடை இந்த எண்ணில் இருக்கிறது.

நம்பிக்கை வைக்க இடம் உண்டு

இந்த நோயின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் எதை நம்பலாம், எங்கே தயங்கலாம் என்பது புலப்படும். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடமாட்டம் முடங்கியிருந்த ஓர் இளம்பெண்ணுக்குப் பின்னாளில் கார்ட்டிசோன் என்று பெயர் பெற்ற பொருளை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். இரண்டே ஆண்டுகளில், 1950இல், ஹெஞ்சுக்கும் அவரோடு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள்ளாகவே முகம் உப்புதல், எலும்பு மெலிதல், சர்க்கரை ஏறுதல், கிருமித்தொற்று என்று கார்ட்டிசோன் போன்ற ஸ்டீராய்டின் மறுபக்கம் தெரியத் தொடங்கியிருந்தது. இன்று அதை, மற்ற மருந்துகள் வேலை செய்யத் தொடங்கும் வரையில், குறைந்த அளவில் குறைந்த காலத்துக்கு மட்டுமே கொடுக்க முயல்கிறார்கள். இரண்டே நாளில் வலியைப் பறக்கவிடும் எந்தப் பொடியையும் சூரணத்தையும் பார்த்து நீங்கள் சந்தேகப்பட வேண்டிய காரணம் இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. பெயரும் உட்பொருளும் எழுதாத பொட்டலங்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

அடுத்த பெரிய திருப்பம் 1992இல் லண்டனில் நடந்தது. மார்க் ஃபெல்ட்மான், ரவீந்தர் மைனி ஆகிய இருவரும், அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற ஒரே ஒரு புரதத்தை மறித்தால் போதும், மூட்டு வீக்கம் வடியும் என்பதை நோயாளிகளிடம் காட்டினார்கள். அந்த ஆய்வில் கொடுத்த மருந்துதான் பின்னாளில் இன்ஃப்ளிக்சிமாப் என்று பெயர் பெற்றது. 1998இல் எட்டனர்செப்ட் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதி பெற்றது, 2002 முடிவில் அடாலிமுமாப் வந்தது. 2012இல் ஊசிக்குப் பதிலாக வாய்வழியே எடுக்கும் டோஃபாசிடினிப் வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் நோய் கண்டவர்களின் கைவிரல்கள் எப்படிக் கோணியிருக்கின்றன என்பதையும், அண்மையில் நோய் கண்டு உடனே முறையான சிகிச்சைக்கு வந்தவர்களின் கைகள் எப்படி இருக்கின்றன என்பதையும் ஒரு முடக்குவாதப் புறநோயாளிப் பிரிவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலே பார்த்துவிடலாம். புதிய மருந்துகளைப் பற்றிய நம்பிக்கைக்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஆய்வில் இருக்கும் எல்லா மருந்துகளும் கரை சேர்வதில்லை. ஃபாஸ்டமாடினிப் என்ற மாத்திரை முடக்குவாதத்துக்குப் பெரிதாகப் பேசப்பட்டு, மூன்றாம் கட்ட ஆய்வுகளில் எதிர்பார்த்த பலன் கிடைக்காததால் 2013இல் இந்த நோய்க்கான முயற்சி கைவிடப்பட்டது. ஓட்டிலிமாப் என்ற ஊசி மருந்தும் மூன்றாம் கட்டம் வரை வந்து 2022இல் நின்றுபோனது. இவற்றுக்காகத் தன் சிகிச்சையை ஒத்திப்போட்டுக் காத்திருந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருடைய மூட்டு அத்தனை ஆண்டுகளும் காத்திருந்திருக்காது.

செய்தியில் எதைத் தேட வேண்டும்

முதலில் கட்டத்தைப் பாருங்கள். எலிகளில் வெற்றி என்று இருந்தால், வாசித்து மகிழ்ந்துவிட்டு மறந்துவிடலாம். அது மருந்துக்கடைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் ஆகும், வராமலும் போகலாம். முதல் கட்டம் சிலரிடம் பாதுகாப்பைப் பார்ப்பது, இரண்டாம் கட்டம் அளவையும் பலனையும் ஓரளவு பார்ப்பது. பல நூறு அல்லது ஆயிரம் பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் மூன்றாம் கட்டத்துக்குப் பிறகுதான் உங்கள் மருத்துவர் அதைப் பற்றி உறுதியாகப் பேச முடியும்.

அடுத்து, எதோடு ஒப்பிட்டார்கள், எந்தப் பலனை அளந்தார்கள் என்று பாருங்கள். அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்றை நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம். கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பின் மேல் சிறிய கருவி ஒன்றைப் பொருத்தி, நாளுக்கு ஒரு நிமிடம் மின்தூண்டல் கொடுத்து முடக்குவாதத்தைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 2025இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அனுமதி தந்தது. ‘மருந்தே இல்லாத சிகிச்சை’ என்ற தலைப்பில் இச்செய்தி பரவியது. அதற்கு அடிப்படையான ஆய்வில் கலந்துகொண்ட 242 பேரும் டி.என்.எஃப்.ஐ மறிக்கும் ஊசி, டோஃபாசிடினிப் போன்ற உயர்நிலை மருந்துகள் போதாதவர்கள் அல்லது ஒத்துக்கொள்ளாதவர்கள். எல்லோருக்கும் கருவி பொருத்தப்பட்டது, பாதிப்பேருக்கு மட்டுமே அது இயக்கப்பட்டது. பன்னிரண்டு வாரங்களில், இயங்கிய கருவி உள்ளவர்களில் சுமார் 35 சதவீதத்தினர் ‘ஏ.சி.ஆர். 20’ என்ற அளவை எட்டினார்கள். இயங்காத கருவி உள்ளவர்களிலும் சுமார் 24 சதவீதத்தினர் அதே அளவை எட்டினார்கள். அதாவது நூறு பேருக்குக் கருவியால் கூடுதலாகப் பலன் பெற்றவர்கள் ஏறத்தாழ பதினொருவர். ‘ஏ.சி.ஆர். 20’ என்பதோ வலிக்கும் மூட்டுகளும் வீங்கிய மூட்டுகளும் வேறு சில அளவுகளும் 20 சதவீதம் குறைந்ததைக் குறிக்கும். நோய் அடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. இரண்டு, மூன்று ஊசி மருந்துகளை மாற்றிப் பார்த்தும் வழி கிடைக்காத ஒருவருக்கு இந்தப் பதினொன்று பெரிய எண்ணாக இருக்கலாம். மெத்தோட்ரெக்சேட்டிலேயே நன்றாக இருப்பவருக்கு அந்த அறுவைச் சிகிச்சைக்கு எந்தத் தேவையும் இல்லை. ஒரே செய்தி இருவருக்கு இரண்டு விடையைத் தருவதற்குக் காரணம் இதுதான்.

எனவே எந்தச் செய்தியிலும் ‘20’ என்ற அளவோடு நின்றுவிடாமல், பாதி குறைந்ததைக் காட்டும் ‘50’, பெரும்பகுதி குறைந்ததைக் காட்டும் ‘70’, நோய் அடங்கியவர்களின் விகிதம், எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு நின்றதா என்பவற்றைக் கேளுங்கள். மருந்துப் பொருளே இல்லாத வெற்று மருந்தோடு மட்டும் ஒப்பிட்டார்களா, ஏற்கெனவே இருக்கும் நல்ல மருந்தோடும் ஒப்பிட்டார்களா என்பதும் முக்கியம். வெற்று மருந்தை வெல்வது எளிது. அடாலிமுமாப்பை வெல்வது கடினம்.

எதிர்ப்பணுக்களை உடலிலிருந்து எடுத்து மாற்றியமைத்துத் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சையைப் பற்றியும் இப்போது நிறையக் கேட்கிறார்கள். ஜெர்மனியின் எர்லாங்கன் நகர மருத்துவர்கள் 2022இல், எதிர்ப்பு மண்டலமே உடலைத் தாக்கும் இன்னொரு நோயான லூபஸ் உள்ள ஐவரிடம் பெற்ற பலன் மருத்துவ உலகையே நிமிர்ந்து பார்க்க வைத்தது உண்மைதான். முடக்குவாதத்தில் அது இன்னும் மிகச் சிலரிடம் செய்து பார்க்கும் நிலையில்தான் இருக்கிறது. 2023இல் இந்தியாவில் அனுமதி பெற்ற உள்நாட்டுக் கார்-டி சிகிச்சையும் ரத்தப் புற்றுநோய் வகைகளுக்கானது.

“என் பெண்ணுக்கும் இது வந்துவிடுமா, வராமல் தடுக்க வழி உண்டா?” என்று தாய்மார்கள் கேட்கும் கேள்விக்கு இப்போது கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. ஆன்ட்டி சி.சி.பி. இருந்தும் மூட்டு வீக்கம் இன்னும் வராத, ஆனால் மூட்டுவலி உள்ள 213 பேரிடம் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. ஓராண்டு அபாடசெப்ட் ஊசி பெற்றவர்களில் 6 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 29 சதவீதத்தினருக்கும் அந்த ஆண்டுக்குள் நோய் வெளிப்பட்டது. ஊசியை நிறுத்தி இன்னும் ஓராண்டு கழிந்தபோது அந்த இடைவெளி 25, 37 என்று சுருங்கிவிட்டது. நோயைத் தள்ளிப்போட முடிகிறது, முற்றிலும் தடுக்க இன்னும் முடியவில்லை. வலியே இல்லாத மகளுக்கு இப்போதே ஊசி போட இது ஆதாரம் ஆகாது. புகைபிடிப்பதைத் தவிர்க்கச் சொல்வதும், ஆறு வாரத்துக்கு மேல் விரல்கள் வீங்கினால் உடனே மூட்டுவாத நிபுணரிடம் அழைத்துப்போவதும் இன்றே செய்யக்கூடியவை.

பக்கவிளைவு பற்றிய அச்சத்தை எப்படி அளப்பது

அச்சம் இயல்பானது, அதை யாரும் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. 1999இல் வந்து உலகெங்கும் விற்ற ரோஃபிகாக்ஸிப் என்ற மூட்டுவலி மாத்திரை, மாரடைப்பு அபாயம் தெரிந்ததும் 2004 செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டதை மறக்க முடியாது. அனுமதி பெற்ற பிறகும் மருந்துகளைக் கண்காணிக்க வேண்டும் என்பதற்கு டோஃபாசிடினிப் இன்னொரு பாடம். 50 வயதைக் கடந்த, இதய நோய்க்கான அபாயக் காரணி ஒன்றாவது உள்ள 4,362 பேரிடம் அதையும் டி.என்.எஃப்.ஐ மறிக்கும் ஊசிகளையும் ஒப்பிட்டார்கள். சுமார் நான்கு ஆண்டுகளில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் மாத்திரை எடுத்தவர்களில் 3.4 சதவீதத்தினருக்கும் ஊசி போட்டவர்களில் 2.5 சதவீதத்தினருக்கும் வந்தன. புற்றுநோய் 4.2, 2.9 என்று இருந்தது. இதையடுத்து 2021இல் அமெரிக்காவில் டோஃபாசிடினிப், பாரிசிடினிப், உபாடாசிடினிப் ஆகிய மூன்றுக்கும் கடுமையான எச்சரிக்கை சேர்க்கப்பட்டது.

இந்த எண்களை எப்படிப் படிப்பது? அறுபது வயதில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் புகைப்பழக்கமும் உள்ள ஒருவர் மாத்திரைக்கு முன்னால் வேறு வழி இருக்கிறதா என்று கட்டாயம் கேட்க வேண்டும். முப்பத்தைந்து வயதில், இந்தக் காரணிகள் எதுவும் இல்லாத, ஊசி மருந்தால் பலன் பெறாத ஒருவருக்கு அதே மருந்து நியாயமான தேர்வாக இருக்கலாம். ‘அபாயம் இரட்டிப்பு’, ‘அபாயம் பாதி’ போன்ற சொற்களைக் கேட்டால் “நூறு பேரில் எத்தனை பேருக்கு, டாக்டர்?” என்று திருப்பிக் கேளுங்கள். கட்டுப்படாத முடக்குவாதமே மாரடைப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்பதையும் தராசின் மறு தட்டில் வைக்க வேண்டும். சிகிச்சை எடுக்காமல் இருப்பதற்கும் பக்கவிளைவு உண்டு.

நம் நாட்டு நோயாளிகளுக்கு என் பார்வையில் முதல் கவலை காசநோய்தான். இந்தியர்கள் பலரின் உடலில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறது. அதை உறங்க வைத்திருக்கும் காவல்களில் ஒன்று டி.என்.எஃப்.; அதை மறிக்கும் ஊசி போட்டால் கிருமி விழித்துக்கொள்ளலாம். அதனால் மார்பு எக்ஸ்ரே, உறங்கும் காசநோய்க் கிருமியைத் தேடும் மான்டூ அல்லது இக்ரா சோதனை, ஹெபடைட்டிஸ் பி, சி சோதனைகள் ஆகியவை முடியாமல் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். உறங்கும் கிருமி இருப்பது தெரிந்தால் தடுப்பு மருந்தைப் பொதுவாக ஒரு மாதமாவது எடுத்த பிறகே ஊசி தொடங்குவார்கள். வீட்டில் யாருக்காவது முன்பு காசநோய் இருந்திருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். ஃப்ளூ, நிமோனியா, அக்கி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளில் எவை தேவை என்பதைச் சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

திருமணம், குழந்தைப்பேறு பற்றிய திட்டமும் இந்தப் பேச்சில் கட்டாயம் இடம்பெற வேண்டும். மெத்தோட்ரெக்சேட், லெஃப்ளூனமைடு, டோஃபாசிடினிப் போன்ற ஜாக் வகை மாத்திரைகள் ஆகியவை கருவுற்ற பெண்களுக்கு ஆகாதவை. ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின், டி.என்.எஃப். ஊசிகளில் சில ஆகியவற்றைத் தொடரலாம். கரு உண்டான பிறகு பதறுவதைவிடச் சில மாதங்கள் முன்பே மருந்தை மாற்றிக்கொள்வது எவ்வளவோ மேல். மாமியாருக்கோ கணவருக்கோ தெரியாமல் மாத்திரை எடுத்துவரும் பெண்கள் மருத்துவரிடமாவது இதைத் தனியாகப் பேசிவிட வேண்டும்.

பணத்தைப் பற்றி முன்பே பேசுங்கள்

ஒரு ஊசியின் விலையைக் கேட்காதீர்கள், ஓராண்டுச் செலவைக் கேளுங்கள். வாரம் ஒன்று போடும் ஊசியும், இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை ஏற்றிவிட்டு ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் கழித்துத் திரும்ப ஏற்றும் ரிட்டுக்சிமாப்பும் ஒரே கணக்கில் வராது. அடாலிமுமாப்பின் உயிரொப்பு மருந்து (பயோசிமிலர், அதாவது வேறு நிறுவனம் தயாரிக்கும் அதற்கு இணையான மருந்து) உலகில் முதன்முதலாக 2014 டிசம்பரில் இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது. டோஃபாசிடினிப்பைப் பல இந்திய நிறுவனங்கள் தயாரிக்கின்றன. ஆகவே அசல் நிறுவனத்தின் விலையைக் கேட்டு மனம் உடைந்து திரும்பிவிடாமல், “இதற்கு உயிரொப்பு மருந்து இருக்கிறதா?” என்று கேளுங்கள். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அடாலிமுமாப் போன்று ஊசியாகப் போடும் மோனோகுளோனல் ஆன்ட்டிபாடி சிகிச்சையைக் காப்பீட்டில் சேர்க்க வேண்டிய நவீன சிகிச்சைகளின் பட்டியலில் வைத்தது. ஆனால் பாலிசிக்குப் பாலிசி உச்சவரம்பு வேறுபடும், வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் ஊசிக்குப் பணம் வருமா என்பதும் தனிக் கேள்வி. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் போன்ற இடங்களில் இந்த நோய்க்கெனத் தனித் துறை இருக்கிறது. இரண்டாவது கருத்துக் கேட்கவும் செலவைக் குறைக்கவும் அங்கே போய் வருவது பயன் தரும். நகையை அடகு வைத்து மூன்று ஊசி போட்டுவிட்டு நிறுத்துவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் முடிவு. பணம் தீர்ந்தால் அடுத்து என்ன என்பதை மருத்துவரிடம் முதல் ஊசிக்கு முன்பே கேட்டுவிடுங்கள். அதைக் கேட்பதில் எந்த அவமானமும் இல்லை.

ஆய்வில் சேரச் சொன்னால்

புதிய மருந்தின் ஆய்வில் சேர அழைப்பு வந்தால், அந்த ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ‘சி.டி.ஆர்.ஐ.’ என்று அழைக்கப்படும் அந்தப் பதிவேட்டில் 2009 முதல் பதிவு கட்டாயம். இணையத்தில் எவரும் இலவசமாகத் தேடலாம். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க அவகாசம் கேட்கலாம். வெற்று மருந்து கிடைக்கும் பிரிவில் எத்தனை வாரம் இருக்க நேரும், அந்த நேரத்தில் மூட்டு வீங்கினால் என்ன மருந்து தருவார்கள், ஆய்வு முடிந்த பிறகு மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்ற மூன்றையும் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் உங்களுக்கு உரிமை உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. ஆய்வு மருந்துக்கு உங்களிடமே பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்டெம் செல் ஊசியால் முடக்குவாதத்தை ஒரேயடியாகக் குணப்படுத்துவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் வசூலிக்கும் இடங்களுக்கும் இதே சோதனையைப் பொருத்துங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இத்தகைய நோய்களுக்கு ஸ்டெம் செல் சிகிச்சையை விற்பதை ஏற்கவில்லை. சித்த மருத்துவம் எடுப்பவர்கள் அதைப் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் எடுத்து, இரு தரப்பு மருத்துவர்களிடமும் சொல்லிவிட வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டும் லெஃப்ளூனமைடும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை என்பதால், வேறு எது உள்ளே போகிறது என்று தெரியாமல் ரத்தப் பரிசோதனை முடிவைச் சரியாகப் படிக்க முடியாது.

தொடங்கிய பிறகு

கூட்டமான புறநோயாளிப் பிரிவில் உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடமாக இருக்கலாம். அதனால் எழுதி வைத்த தாளை உட்கார்ந்ததுமே கையில் கொடுத்துவிட்டு, முக்கியமான இரண்டு கேள்விகளை முதலில் கேளுங்கள். புதிய மருந்தைத் தொடங்கினால் அன்றைய தேதி, அன்றைய ஸ்கோர், காலையில் விரல்களை மடக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதை எழுதி, வாரம் ஒரு முறை அதே நேரத்தில் அதைத் திரும்பப் பாருங்கள். மூன்றாம் மாதத்தில் மருந்தைத் தொடரலாமா என்று முடிவு செய்ய, “பரவாயில்லை” என்ற பதிலைவிட இந்தக் குறிப்பு மருத்துவருக்குப் பெரிதும் உதவும். நன்றாக இருக்கிறது என்று தோன்றியதும் நீங்களாகவே ஊசியை நிறுத்திவிடாதீர்கள். நோய் பல மாதங்கள் தொடர்ந்து அடங்கியிருந்தால் அளவைக் குறைப்பதும் இடைவெளியைக் கூட்டுவதும் மருத்துவரே செய்யக்கூடியவை.

காய்ச்சல் வந்தாலோ, ஆன்ட்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டிருந்தாலோ அடுத்த ஊசியைப் போடும் முன் மருத்துவரைக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை குறைதல், உடலின் ஒரு பக்கத்தில் கொப்புளங்களோடு எரிச்சல், ஒரு கால் மட்டும் வீங்குதல், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம். பல் பிடுங்கவோ அறுவைச் சிகிச்சைக்கோ போனால் நீங்கள் எடுக்கும் மருந்தின் பெயரை அங்கேயும் சொல்லுங்கள். மருந்தால் பாதிப்பு ஏற்பட்டதாகச் சந்தேகம் இருந்தால், நோயாளிகள் தாங்களே தெரிவிக்க இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பேசும்போது மருந்து அட்டையைக் கையில் வைத்திருங்கள், அதன் தொகுதி எண்ணைக் கேட்பார்கள்.